மாப்பிள்ளை முன்னால் இருமாதவர்

என் மாமனார் ஜூரோங் கப்பல் பட்டறையில் பல வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். மூச்சுக் குழாய் சுருங்கும் நோய் அவருக்கு. மாமியார் இறந்தபின் பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து மூன்று வருடமாகியும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. எனக்குச் சட்டென்று பேச வராது. அவரோ பழைய முறைக்காரர். மாப்பிள்ளை எதிரே சட்டையில்லாமல் உட்கார மாட்டார். இருமல் வந்தால் எழுந்து வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விடுவார். காலையில் மூச்சு மருந்தைக்கூட நான் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் எடுப்பார்.

மனைவிக்குத் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. எனக்குத் தேக்காவில் சாப்பாட்டுக் கடை அடுப்படியில் பதினொரு மணிக்குத்தான் வேலை தொடங்கும். அதனால் டாக்டரிடம் காட்ட அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு மாமாவை நான் அழைத்துப் போவேன். மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்பார். மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நோ லா, ஓகே" என்பார். டாக்டர் அதே மருந்தை எழுதிக் கொடுப்பார். பெரியவர் சொன்னதை நாலு பேர் முன்னால் மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆம்புலன்சில் போனார். இன்னொரு தடவை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று வார்டு டாக்டர் என் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அடுத்து மருந்தகம் போனபோது முதலில் தாதியிடம் அனுப்பினார்கள். நம் தமிழ்ப் பெண்தான்.

"அங்கிள், மூச்சு மருந்து பம்ப எப்படி அடிக்கிறீங்க? காட்டுங்க."

மாமா பிளாஸ்டிக் குழாயில் பம்பைச் செருகி வாயருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். இறக்கிவிட்டார்.

"வீட்ல ஒழுங்கா அடிக்கிறேன், மிஸ்ஸி."

"அப்ப இங்கயும் அடிங்க. என்ன அங்கிள், பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்படுறீங்க!"

அவர் என்னால்தான் கூசுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து கதவருகே போனேன். வெளியே நின்றுகொண்டால் அவர் செய்து காட்டிவிடுவார். ஆனால் நாளைக் காலையும் நான் வீட்டில்தானே இருப்பேன்? கதவுப் பிடியை விட்டேன்.

"மிஸ்ஸி, மாமா எதையும் சொல்ல மாட்டாரு. லிஃப்ட்லேருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கி மூணு தடவ நிக்கிறாரு. நான் வீட்ல இருந்தா காலைல பம்பத் தொடுறதே இல்ல."

எனக்கு முகம் சுட்டது. அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவன்னு எப்படித் தெரியும் மாப்ள?"

"பின்னாடியே வருவேன் மாமா. நீங்க நின்னா நானும் நின்னுக்குவேன். பாத்தா சங்கடப்படுவீங்கன்னு..."

அவர் பம்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காலைல நீங்க பசியாறிக்கிட்டு இருப்பீங்க. முன்னாடி உக்காந்து கர்ருபுர்ருன்னு இருமினா நல்லாவா இருக்கும்?"

"நீங்க ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப எனக்குச் சோறே எறங்கல மாமா."

கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்த தாதி திரும்பினார். "எல்லாத்தையும் டாக்டருக்கு எழுதிட்டேன். மருந்த மாத்துவாங்க. ஆனா வீட்ல நீங்கதான் கூட இருந்து எண்ணணும், அண்ணே. ஒரு அடி, மெதுவா இழுக்கணும், பத்து வரைக்கும் மூச்சப் புடிக்கணும். இப்பவே எண்ணுங்க."

மாமாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். நான் சத்தமாக எண்ணினேன். ஆறு வந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. வழக்கப்படி எழப் பார்த்தார். தோளில் கை வைத்தேன். எலும்புதான் தட்டுப்பட்டது. அவரை நான் தொட்டது அதுவே முதல் தடவை. உட்கார்ந்தபடியே இருமி முடித்தார். கைக்குட்டையால் கண்ணையும் வாயையும் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வேகமா எண்ணுங்க மாப்ள," என்று குழாயை மறுபடி வாயில் வைத்தார்.