சொல்லச் சொன்னாள், முங்கினேன்

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்.

நான். சங்கு குளிக்கிறவன். கம்ப்ரசர் குழாய் கிடையாது, மூச்சடக்கி முங்குகிற ஆள்.

என் பெஞ்சாதி.

அவள் தம்பி, என் மச்சினன். நான் முங்கினால் வள்ளத்தில் இருந்து கயிறு பிடிப்பவன்.

பக்கத்து வீட்டு அக்கா. இட்லி மாவு வாங்க வந்தாள். வாங்கிவிட்டாள். போகவில்லை.

ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை ஒன்று. யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி பண்ணுகிறாள்.

மேசைமேல் அவள் போன். பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

ஆராய்ச்சிக்குப் பினாமினாலஜி என்று பேர். மூன்று தடவை சொன்னாள். எனக்கு வாயில் நிற்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்பது இல்லையாம். நடந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்பதாம்.

"எனக்குக் கடலப் பத்தித் தெரிஞ்சத எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. அதுதான் முறை."

"எங்கன வச்ச? பஸ்ஸிலயா?" என்றான் மச்சினன்.

எட்டுப் பேர் பேச வேண்டும். ஏழு முடிந்தது. எட்டாவது ஆள் பேசியதை அவள் ப்ரொபசர் திருப்பிவிட்டார். இதில் தகவல் இருக்கு, அனுபவம் இல்லை என்றாராம். திங்கட்கிழமைக்குள் வேறு ஆள் பேசாவிட்டால் அவளுக்கு ஒரு வருசம் போச்சு. இதைச் சொல்லும்போது பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். பாவமாக இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் வாய் ஓயாமல் பேசுகிறான்கள். இவளுக்கு நான் வாய்த்தேன்.

"கடலுக்கு அடியில எப்படி இருக்கும் அண்ணாச்சி?"

"ஈரமா இருக்கும்."

எழுதிக்கொண்டாள்.

"மனசுல என்ன ஓடும்?"

"சங்கு."

"வேற?"

"பெரிய சங்கு."

பெஞ்சாதிக்குப் பொறுக்கவில்லை. "அவுகளுக்கு உள்ளுக்குள்ள பயம்தான். வெளிய சொல்ல மாட்டாக."

"ஏளா, நீ எப்ப முங்கின?" என்றேன்.

"எங்க வீட்டு ஆளுக்குத் தலசுத்தும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"அவரும் முங்குவாரா?" என்று அந்தப் பிள்ளை ஆசையாகத் திரும்பினாள்.

"இல்ல. ஹார்பர்ல லாரி ஓட்டுதாரு."

அண்ணாச்சி மட்டும்தான் பேசணும் என்று சொல்லி மூவரையும் வெளியே அனுப்பினாள். மூவரும் ஜன்னலில் வந்து நின்றார்கள்.

"கண்ண மூடுங்க" என்றாள். "ஏதாவது ஒரு நாள் முங்கினத நினைச்சுக்கோங்க. நடந்து முடிஞ்ச மாதிரி வேண்டாம். இப்ப நடக்குற மாதிரி. அங்கேயே போயிருங்க."

இது எனக்குப் புரிந்தது. கண்ணை மூடினேன். இரண்டு சின்ன மூச்சு, ஒரு பெரிய மூச்சு. போனேன்.

காது அடைத்தது, திறந்தது. தரை வந்தது. மணல். சங்கு மணலுக்குள் கிடக்கும். அது ஊர்ந்த தடம் மட்டும் மேலே தெரியும். தடம் ஒன்று இடது பக்கம் போனது. பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி?" என்று அந்தப் பிள்ளை கூப்பிட்டாளாம். பிறகு கத்தினாளாம். கேட்கவில்லை. கீழே ஒன்றும் கேட்காது.

"மூச்சு இல்ல! மூச்சு இல்ல!"

"வாய் கோணுதா பாரு" என்றாளாம் பக்கத்து வீட்டு அக்கா.

பெஞ்சாதி குடத்தோடு உள்ளே ஓடி வந்தாளாம். மச்சினன் மட்டும் ஜன்னலை விட்டு அசையவில்லை. "வருவாக. இன்னும் நேரம் கெடக்கு" என்றானாம்.

முகத்தில் தண்ணீர் விழுந்தது. கண்ணைத் திறந்தேன்.

"என்ன அத்தான், கெடச்சுதா?" என்றான் மச்சினன்.

"சின்னது. விட்டுட்டேன்."

அந்தப் பிள்ளை என் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். "என்ன பண்ணினீங்க?"

"முங்கினேன். நீதான சொன்ன?"

"சொல்லத்தான சொன்னேன்!"

"தண்ணிக்குள்ள எப்படிப் பேச?"

அவள் போனை எடுத்துக்கொண்டு, பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வருசத்தை நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வந்தாள். கையில் லாலா கடை அல்வா. ப்ரொபசர் ஒத்துக்கொண்டாராம். நான் முங்கின இடத்தை மட்டும் இரண்டு தடவை போட்டுக் கேட்டாராம். பேசினது சரியா என்று பேசினவன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் முறையாம். டைப் அடித்த தாள்களைக் கொடுத்தாள். மச்சினன் வாசித்தான்.

பெஞ்சாதி பேச்சு மூன்று பக்கம். பக்கத்து வீட்டு அக்கா பேச்சு இரண்டு. என் பேச்சு எல்லாம் சேர்த்து அரைப் பக்கம் வரவில்லை. நடுவில் என் பேருக்கு நேரே பேச்சு இல்லாமல் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டி, "இது சரியா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

மௌனம், நூற்றுப் பன்னிரண்டு விநாடி.