பாசியை மிதிக்காமல் ஓடியவள்

புசாயேவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கியோத்தோவின் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் பழைய கோயிலின் பாசித் தோட்டத்தில், மண்டியிட்டுக் களை பிடுங்குவது அவள் பிழைப்பு. தரை முழுக்கப் பச்சைக் கம்பளமாய்ப் படர்ந்த முன்னூறு வருடத்துப் பாசி. 'மிதித்தால் அன்றோடு வேலை போச்சு' என்று தலைமைப் பிக்கு வாரம் தவறாமல் ஓதுவார்.

அவள் புருஷன் தொகுஜி குடித்துவிட்டுப் பொண்டாட்டியைப் பந்தாடுகிற ரகம். விலா எலும்பை முறித்த பிறகு அவனை உதறிவிட்டு இங்கே வந்து ஒளிந்திருந்தாள். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான், நாசமாய்ப் போகிறவன்.

ஆனி மழை சற்று விட்டிருந்த காலையில், பார்வையாளர்களோடு அவனும் சீட்டு வாங்கினான். தோட்டத்துக்குள் விடுமுன் எல்லோரும் உட்கார்ந்து புத்தரின் சூத்திரத்தைத் தூரிகையால் எழுத வேண்டும். கொலைவெறியோடு வந்தவன் அதையும் பொறுமையாக எழுதி முடித்தான், பாருங்கள். பிறகு களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் முன்னால் வந்து நின்றான்.

"கெளம்புடி வீட்டுக்கு."

"வரமாட்டேன்."

அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. புசாயே ஓடினாள். நேரெதிரே வாசல், நடுவில் பாசி. பைத்தியக்காரி, வளைந்து வளைந்து போகும் கல் பாதையிலேயே ஓடினாள். அவன் பாசியைக் கிழித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். மயிரைப் பிடித்து இழுத்து, தலையைக் கல்லில் மோதி, மேலே ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான்.

எதிர்ப் பாதையில் ஒரு கூட்டமே நின்றது. "விடுய்யா, செத்துருவா" என்று கத்தியது. பாசியில் ஒருத்தர்கூடக் கால் வைக்கவில்லை. இரண்டு பேர் தோட்டத்து ஓரக் குளத்தைச் சுற்றிப் போகும் பாதையில் ஓடி வரக் கிளம்பினார்கள். ஒரு கிழவர் குனிந்து காலணியைக் கழற்றத் தொடங்கினார். அட மனுஷா, ஒருத்தி உயிர் போகிறது, உனக்கு மரியாதை ஒரு கேடா?

யாரும் வரப்போவதில்லை என்று புசாயேவுக்கு விளங்கிவிட்டது. அவன் கையை வாய்க்கு இழுத்து, கட்டைவிரலைக் கடித்துக் குதறினாள். பிடி தளர்ந்தது.

"மிதிங்க. பாசிய மிதிச்சுட்டு வாங்க."

தோட்டக்காரியே சொன்ன பிறகு மடை உடைந்தது. முதலில் வந்தவர் அந்தக் கிழவர்தான். கழற்றிய காலணியாலேயே தொகுஜியின் மூக்கை உடைத்தார். மற்றவர்கள் அவனைக் குப்புறத் தள்ளி மிதித்தார்கள்.

பிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். வீங்கிப்போன அவள் கழுத்தைப் பார்த்ததும் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஏம்மா, குறுக்க ஓடி வாசலுக்கு வந்திருக்கலாமே?"

"வேலை போயிரும்னு சொன்னது யாரு சாமி?"

 வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. புசாயே யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, பாசி மேல் நேராக நடந்து போனாள்.