வலிக்காத இடது கால்

மாமாவின் எக்ஸ்ரே உறையை அக்கா இன்னும் வைத்திருக்கிறாள். கள்ளக்குறிச்சியில், ஒரு புரட்டாசி மாதத்தில் எடுத்தது. உறையின் மேல் மருத்துவர் எழுதியிருக்கிறார்: "இடது பாதம் வீக்கம், சூடு. நடந்தே வந்தார். வலி இல்லை என்கிறார்."

அக்காவின் கணவரான மாமா, வெள்ளிமலைக்குப் பேருந்து ஓட்டியவர். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவார். மலை வளைவுகளில் கிளட்ச் எவ்வளவு அமிழ்கிறது என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியும் என்பார். பல வருடச் சர்க்கரை நோயில் பாதங்கள் மரத்துப்போன பிறகு, இன்ஜின் சத்தத்தை வைத்தே ஓட்டியிருக்கிறார். இடது பாதம் வீங்கியபோதும், உட்கார்ந்தே இருப்பதால் கோத்த நீர் என்று விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடி மலையேறினார். வலி இல்லாததால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. இனியும் ஊன்றினால் பாதம் உருக்குலையும், புண் வைத்தால் காலே போகலாம் என்று சொல்லி, மருத்துவர் முழங்கால்வரை கட்டுப் போட்டார். கட்டு மாற்றும்போதெல்லாம் இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். உள்ளே நொறுங்குவது நிற்கும்வரை இடது பாதம் மற்றதைவிடச் சூடாகவே இருக்குமாம்; இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்து, அது நிலைக்கும்வரை ஊன்றக் கூடாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் நடத்துநர் பார்க்க வந்தார்.

"அண்ணே, புது டிரைவரு திருப்புற திருப்புல பாதி பஸ்ஸு வாந்திண்ணே!"

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கட்டுப் போட்ட காலைத் தரையில் இறக்கினார்.

"வாடா, தெருமுனைல டீ சாப்ட்டுக்கினே பேசலாம். வலியே இல்ல."

உள்ளேயிருந்து அக்கா வந்தாள்.

"வலிக்கலயாம்ல! அந்தக் காலு பேச்ச நம்பித்தான இந்தக் கதிக்கு வந்த? என் கை சொல்றப்ப எறங்கு. அதுவரைக்கும் குந்துய்யா."

"அண்ணே, செக்கிங் ஏறிட்டாங்க. நீ ஒக்காந்துக்க."

மாமா சிரித்துக்கொண்டே காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தார். டீ வீட்டுக்கே வந்தது.

மாசியில் ஒருநாள் அக்கா தொட்டாள். நம்பாமல் மறுபடியும் தொட்டாள். "ரெண்டும் ஒண்ணாதான்யா இருக்குது." அடுத்தடுத்த முறைகளிலும் அப்படியே இருந்தது. பாதம் சற்றுத் தட்டையாகிவிட்டது, ஆனால் கால் தப்பியது. இப்போது அளவெடுத்துத் தைத்த மெத்தைச் செருப்போடு, பயணியாக வெள்ளிமலைக்குப் போய்வருகிறார். புது ஓட்டுநர் கியர் மாற்றும்போதெல்லாம் முணுமுணுக்கிறாராம்.

குடும்பத்து நிகழ்வுகளுக்குத் தேதி எழுதிவைப்பது என் பழக்கம். முதல் எலும்பு உடைந்த நாளை மட்டும் எழுத முடியவில்லை. ஆடி மழையில் ஒரு வளைவில் அழுத்தி மிதித்தபோது என்கிறார் மாமா. அதற்கும் முன்பே வாசற்படியில் இடறினார் என்கிறாள் அக்கா. வலித்திருந்தால் யாருக்காவது நினைவிருக்கும். எது சரி என்று இன்றுவரை உறுதியாகவில்லை.