செவுள் திறக்கிற மீன்

ஊறவைத்த செய்தித்தாளும் அரைத்த வெந்தயமும் சேர்ந்தால் இரண்டாம் நாள் ஒரு வாசனை வரும். புளித்த மாவின் வாசனையும் இல்லை, நாட்டு மருந்துக் கடையின் வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இன்றைக்கும் பேருந்தில் என் மடியில் இருக்கும் காகிதக்கூழ் வாளியின் மூடி கொஞ்சம் நகர்ந்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்துகொள்வார். எனக்கோ ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்து வாயெல்லாம் பல்லாகிவிடும்.

என் பிழைப்பே அந்த வாளிதான். தொண்டியில் ஒரு வாரம், சாயல்குடியில் ஒரு வாரம் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கூழில் உருவங்கள் செய்வேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராமநாதபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் அதே வேலை. பிள்ளைகள் என்னைக் "கூழ் மிஸ்" என்பார்கள். தலைமை ஆசிரியர்கள் "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்பார்கள்; வராது சார் என்று சொல்லிவிட்டு வாளியைத் திறப்பேன். கலை ஆர்வத்தால் இந்த வேலைக்கு வந்தேன் என்று கூட்டங்களில் சொல்லிக்கொள்வது உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு பாறை மீன்.

பாம்பனில் நான் ஆறாவது படித்தபோது மதுரையிலிருந்து வானதி அக்கா எங்கள் பள்ளிக்கு வந்தார். இரண்டு வாரம் எங்களோடு உட்கார்ந்து கூழில் மீன்கள் செய்வது, பிறகு அவற்றை அந்த அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைப்பது என்று ஏற்பாடு. தூண்டில் நரம்பில் கட்டி உத்தரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டால், உள்ளே வருகிறவர்களுக்குக் கடலுக்கு அடியில் நடப்பது போல இருக்கும் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எங்களுக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை. நாங்கள் பார்த்த மீன்களெல்லாம் கரைக்கு வந்த மீன்கள்.

அக்காவிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. பிள்ளைகள் செய்த பொருளை அவர் தொடவே மாட்டார். "அக்கா, வாலு நிக்க மாட்டேங்குது" என்று போய் நின்றால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "ஏன் நிக்கலன்னு நீயே கண்டுபிடி" என்பார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்வர், "இவுகளுக்கு ஒண்ணுந் தெரியாது போலருக்கு, அதான் கையக் கட்டிக்கிறாக" என்று இரண்டாம் நாளே முடிவுகட்டிவிட்டான். ஐந்தாம் நாள் அவனுடைய சீலா மீனின் வால் தானாக நின்றது. அன்றைக்கு அவன் வகுப்பைச் சுற்றி ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நான் செய்தது முழங்கை நீளத்துக்கு ஒரு பாறை மீன். மற்றவர்கள் செவுளை ஒரு கோடாகக் கீறி விட்டுவிட, நான் மட்டும் அதைத் திறந்து மூடுகிற மாதிரி செய்யக் கிளம்பினேன். என் அம்மா மீன் விற்கிறவள். யாராக இருந்தாலும் மீனை வாங்குமுன் செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதைக் கண்டே வளர்ந்தவள் நான்; செவுள் திறக்காத மீனை மீன் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. பழைய சேலைத் துண்டைக் கீலாக வைத்து ஒட்டினேன், இரண்டு தடவை பிய்ந்துபோனது. உள்ளே அடித்த சிவப்புச் சாயம் காய்ந்து செங்கல் பொடி மாதிரி ஆகிவிட, பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி நெயில் பாலிஷ் வாங்கி வந்து பூசினேன். அப்போதுதான் அந்த ஈரமும் மினுமினுப்பும் வந்தன. வானதி அக்கா பார்த்துவிட்டு, "தொங்கவிட்டா இது யாருக்கும் தெரியாதேம்மா" என்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேதான்.

எனக்கு ஊருக்கே தெரிய வேண்டியதில்லை, அம்மாவுக்குத் தெரிந்தால் போதும். அதுதான் நடக்காத காரியமாக இருந்தது. அம்மா அலுமினியச் சட்டியில் மீனோடு பாம்பனிலிருந்து ரயிலேறிப் போய் ராமநாதபுரத்துத் தெருக்களில் சுமந்து விற்பாள். அவள் குரல் கேட்டால் மாடி ஜன்னல்கள் திறக்கும். ஆனால் நாற்காலியும் மின்விசிறியும் இருக்கிற எந்த அறைக்குள்ளும் அவள் காலடி எடுத்து வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குக் கூப்பிட்டால் வாசலுக்கு வெளியே நின்றுகொள்வாள். ஆசிரியர்தான் நோட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். "மேலு பூரா மீனு வாடைத்தா. அவுக மொகஞ்சுளிச்சா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்" என்பாள். எனக்கு அதில் கோபம் கோபமாக வரும். அருங்காட்சியகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் அடம்பிடித்ததில், "யாவாரம் முடிஞ்சா வாரேன். உள்ள வான்னு மட்டும் கூப்புடாத" என்று சொன்னாள்.

அந்த நாளும் வந்தது. மீன்களைச் சாக்குகளில் கட்டிக்கொண்டு நாங்கள் ஆசிரியரோடு வேனில் போய் இறங்கினோம். நரம்புச் சுருளோடு வர வேண்டிய வானதி அக்காவின் பேருந்து பரமக்குடிப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. காப்பாட்சியர், கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், கையைப் பிசைந்துகொண்டு, "பதினோரு மணிக்கு ஜனங்க வந்துருவாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து ஒழுங்கா வைங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீனை ஒழுங்காக வைக்க எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும். வேனில் இருந்த நீலத் தார்ப்பாயைக் கூடத்தின் நடுவில் விரித்தோம். "ஏலே, சூடையையும் பாறையையும் ஒண்ணாக் கொட்டாதீகடா!" என்று அன்வர் அதட்ட, இனம் பிரித்து, தலையெல்லாம் ஒரே பக்கமாக இருக்கும்படி, கடற்கரையில் வைப்பது போலவே கூறு கூறாகக் குவித்தோம். ஒவ்வொரு கூறின் மேலேயும் பெரிய மீன், அடியில் சின்ன மீன்கள். ஒருத்தி பழக்க தோஷத்தில் தெளிப்பதற்காக ஒரு குடம் தண்ணீரே பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆசிரியர் பாய்ந்து பிடுங்கியிராவிட்டால் அன்றைக்கு எங்கள் இரண்டு வார உழைப்பும் மறுபடி கூழாகியிருக்கும்.

நரம்புச் சுருளோடு மூச்சிரைக்க ஓடிவந்த வானதி அக்கா, வாசலில் அப்படியே நின்றார். பின்னாலேயே வந்த காப்பாட்சியர், "என்னம்மா இது, மியூசியமா, மீன் மார்க்கெட்டா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவுக்கு அழுகை வரும் போலிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு நரம்புச் சுருளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "பிள்ளைங்க வச்சது சார், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கூட்டம் வந்துகொண்டிருந்த நேரத்தில் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அம்மா நிற்பதைப் பார்த்தேன், இடுப்பில் காலிச் சட்டி. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அக்கா வந்து கூப்பிட்டார், அதற்கும் வரவில்லை. "இருக்கட்டும்த்தா, இங்கனயே நின்னு பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே எக்கி உள்ளே பார்த்தவளின் முகம் மாறியது.

"அங்கன என்ன, கூறா வச்சிருக்கு?"

"ஆமாம்மா, நாங்கதான் வச்சோம்."

"இப்படியா வைக்கிறது? பெருச மேல வச்சு சிறுச அடியில மறைச்சா, கண்டவுக நம்ம மூஞ்சில துப்ப மாட்டாக?"

சட்டியை மரத்தடியிலேயே போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று படியேறி உள்ளே போய்விட்டாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓடியதையோ சுற்றி நாற்காலிகள் இருந்ததையோ அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. தார்ப்பாயருகே குந்தி உட்கார்ந்து கூறுகளைக் கலைத்துத் திருத்தி வைக்க ஆரம்பித்தாள். கை தன்னையறியாமல் ஒவ்வொரு மீனின் செவுளுக்கும் போனது. திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. அவள் கை என் பாறை மீனுக்கு வந்தது, செவுள் திறந்தது, உள்ளே செக்கச்செவேல் என்று மினுங்கியது.

அம்மா அதை மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் கூவுகிற அதே குரலில், "இது எம்மக செஞ்சது!" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

"வாலுதான் சரியில்ல" என்றும் உடனே சேர்த்துக்கொண்டாள். காப்பாட்சியர் பக்கத்தில் குனிந்து, "செவுள் இப்படிச் சிவப்பாத்தான் இருக்கணுமா? எங்க வீட்டுக்கு வர்ற மீன்ல பழுப்பா இருக்குமே" என்று கேட்டார். "யாருகிட்டய்யா வாங்குறீக?" என்று கேட்டாள் அம்மா. அடுத்த வாரத்திலிருந்து அவர் வீட்டுக்கு மீன் கொடுத்தது அம்மாதான்.

அந்த மீன் இப்போது இல்லை. பரணில் வைத்திருந்ததைக் கரையான் தின்றுவிட்டது, நெயில் பாலிஷ் பூசிய துண்டு மட்டும் மிஞ்சியது. வேப்பமரத்தையும் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். முழங்கால் வலியால் அம்மா சட்டி சுமப்பதை விட்டுப் பல காலம் ஆகிறது. சனிக்கிழமைகளில் என்னோடு அருங்காட்சியகத்துக்கு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறாள். வானதி அக்காவிடம் கற்றுக்கொண்டபடி நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க, அம்மா பின்னாலேயே வந்து எல்லார் மீனையும் தொட்டுச் செவுளைக் கிளறுவாள். பிள்ளைகள் அவளைக் கண்டதும் மீனை ஒளித்துவைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

போன சனிக்கிழமை புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் காப்பாட்சியர் கூடத்து வாசலில் தயங்கி நின்றார். தரை முழுக்கத் தார்ப்பாய், தார்ப்பாய் முழுக்க மீன்கள், நடுவில் நாற்காலியில் அம்மா.

"உள்ள வரலாமாம்மா?" என்றார்.

"வாங்க சார், வாங்க. கூற மட்டும் மிதிச்சிராம வாங்க" என்றாள் அம்மா.