வானம் பார்த்த தொப்பி

போன வருடம் வாவிக்குள் இறாலுக்கு வலை வீசும்போது எனக்கு வலிப்பு வந்தது. கூட வந்த மனைவியின் தம்பி தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தோணியில் ஏற்றினான். தலையில் இருந்த கொஞ்சமும் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு மனைவி என்னைத் தனியாக வாவிப் பக்கம் விடவில்லை. என் போன் திருத்தும் கடையும் வீட்டின் முன்னறைதான். வெளியே போக ஒரு சாட்டுக்கூட இல்லை. கோழிக்காவது விடிந்தால் கூடு திறப்பார்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய என்னை எந்த வாத்தியாரும் தேடியதில்லை. இனி வானத்தில் சுற்றும் செய்மதியாவது தேடட்டும் என்று ஒரு தொப்பி செய்யத் தொடங்கினேன். களவு போனால் கண்டுபிடிக்க மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டும் ஜி.பி.எஸ். இடங்காட்டியைக் கழற்றினேன். தோட்டத்து விளக்கிலிருந்து சோலர் தகடுகளை எடுத்தேன். தகட்டுக்கு வெயில் வேண்டும், அன்டெனாவுக்கு வானம் வேண்டும். இருப்பதோ ஒரு தலை. தகட்டின் அடியில் அன்டெனாவை வைத்தால் செய்மதி பிடிக்கவில்லை. கடைசியில் உச்சியை அன்டெனாவுக்குக் கொடுத்து, விளிம்பைச் சுற்றித் தகடுகளைத் தைத்தேன். போட்டுப் பார்த்தால் கூரை போட்ட கிணறு மாதிரி இருந்தேன்.

“இதப் போட்டா நீங்க நிக்கிற இடம் என்ட போனில தெரியுமா?” என்று மனைவி கேட்டாள்.

“ஓம்.”

“அப்ப ஒருக்கா வாவிக்குப் போய்ப் பாருங்க.”

போனேன். உச்சி வெயில் ஏறியதும் வாவிக்காரர் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: துவாயை நனைத்துத் தலையைச் சுற்றிக் கட்டினேன், தொப்பிக்கு மேலே. ஈரத்துணி அன்டெனாவின் கண்ணைக் கட்டும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மனைவியின் போனில் என் புள்ளி வாவி நடுவே அப்படியே நின்றுவிட்டது. நானோ பழுகாமம் ஊர்க் கரையோரம் பாட்டோடு வலை வீசிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய தம்பி தோணியில் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

“அத்தான், உசிரோடயா இரிக்கிறீங்க? அக்கா கரையில குழறிக்கிட்டு நிக்கா! நாங்க நடுவில கம்பு விட்டுத் தண்ணிக்குள்ள தடவுறம்!”

“இறால் கொஞ்சம் இரிக்கு, கொண்டு போறியா?”

அவன் சிரிக்கவில்லை.

இப்போது அன்டெனாவைச் சட்டைத் தோளுக்கு மாற்றிவிட்டேன். தகடுகள் முதுகில். மனைவி ஈரத் துவாயை என் தலையில் போட்டு முற்றத்தில் நடக்கவிட்டாள். அடிக்கொரு தரம் ஓடிவந்து அவள் போனை எட்டிப் பார்த்தேன். கிணற்றடி, முருங்கை, வாசல் படலை என்று புள்ளி ஒழுங்காகக் கூடவே வந்தது. அவள் பார்த்ததோ என்னை.

“என்னப் பாக்காத, போனப் பாரன்.”

“போனில இடந்தான் தெரியும். நிக்கிறது நீங்களா, ஒங்கட பொணமா எண்டு அது சொல்லுமா?”



“அதுக்கு இன்னொரு சாமான் பூட்டணும்,” என்றேன்.

“பூட்டுங்க. அதுவரைக்கும் முத்தத்துக்குள்ளயே நடங்க.”

வெயில் நல்ல வெயில். முதுகில் பற்றரி நிறைந்துகொண்டிருந்தது. படலைவரை போய்த் திரும்பினேன்.