திகில் கதை வாசிக்கிறவளின் சமையல்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில் ஆர்ச்வேயில் இருந்தோம். என் கணவருக்குப் பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. எனக்கு நூலகம்தான் போக்கிடம். யாராவது எழுதிய வாழ்க்கை நினைவு நூல் ஒன்று எடுத்தால், மனதைக் கலக்குகிற கொலைக் கதைகள் நாலைந்து எடுப்பேன். வழியில் தெரிந்தவர்கள் கண்டால் மரியாதையாக இருக்கட்டும் என்று நினைவு நூலை மேலே வைத்துக்கொள்வேன். மற்றதைத் திறந்துவிட்டால் அடுப்பில் பருப்பு அடிப்பிடிப்பதும் தெரியாது.

ஒருநாள் அவர் சாப்பிடும்போது, "அப்பிடி என்னதான் கிடக்கு உந்தப் புத்தகத்தில?" என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அன்பான மனைவி ஒருத்தி கணவனின் சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு கலக்கிற கதையை, அவருக்குக் குழம்பை விட்டபடியே ரசித்துச் சொன்னேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

அதுவரை அவர் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் நான் சாப்பிடுவேன். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். அடுத்த நாள், "நீரும் இரும். முதல் நீர் சாப்பிடும்" என்றார். அன்றிலிருந்து நான் ஒரு வாய் வைத்த பிறகே அவர் சோற்றில் கை வைப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லண்டன் தண்ணீர் மனிதரை மாற்றிவிட்டது என்று நினைத்தேன். முருகன் கோயிலில் பெண்களிடம், "நான் சாப்பிடாமல் அவர் சாப்பிடவே மாட்டார்" என்று அளந்தேன். அவர்களும் பொறாமைப்பட்டார்கள், சும்மா சொல்லக்கூடாது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு விரதம். மத்தியானம் அவருக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். நான் சாப்பிடப் போவதில்லை என்றதும், "எனக்கும் பசியில்லை" என்றார். கொஞ்ச நேரத்தில் சட்டி கழுவக் குசினிக்குள் போனால், மனிதர் வெறும் பேக்கரிப் பாணைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

"பசியில்லை எண்டியள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கோவியாதையும். அந்தக் கதையைக் கேட்டதில இருந்து ஒரு மாதிரிக் கிடக்கு. உம்மில சந்தேகம் எண்டில்லை..."

கோயிலில் அளந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து காது சுட்டது. கத்தியிருக்கலாம், என் வாய்க்கு அது பெரிய வேலையில்லை. நான் ஆக்கியதைச் சாப்பிட இவருக்கே பயம் என்றால், இந்த வீட்டில் நான் யார்?

கையைக் கழுவினேன். அவருடைய தட்டின் முன்னால் இருந்து, சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து, விரதத்தை முறித்து ஒரு வாய் சாப்பிட்டேன்.

அவர் பாணை வைத்துவிட்டு வந்து இருந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார். பாவம், நல்ல பசி. "இன்னும் கொஞ்சம் குழம்பு விடும்" என்றார்.

விட்டேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.