பெயிண்ட் அடித்த பள்ளம்

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் கல்லூரியில் முதலில் சீரமைக்கத் தொடங்கிய இடம் எது தெரியுமா? நுழைவாயில் வளைவு. பெருமாநல்லூர் ரோட்டோரம் மேட்டில் நின்ற அந்த வளைவுக்கு, மழையில் நனைந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. அதற்குச் சாரம் கட்டி பெயிண்டர்களை ஏற்றியிருந்தார்கள். கீழே பெண்கள் விடுதியில் முழங்கால் அளவு சேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாரத்தைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பனியன் கம்பெனி முதலாளிகள் சேர்ந்து நடத்திய கல்லூரி. நான் வேதியியல் ஆசிரியை. கல்யாணமாகாதவள் என்பதால் விடுதிக் காப்பாளர் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். புயல் மழை கொட்டித் தீர்த்த ஒரு மதியம், பெண்களெல்லாம் வகுப்பில் இருந்தபோது, விடுதிக்குள் தண்ணீர் புகுந்தது. அதனால்தான் உயிர் பிழைத்தார்கள். வந்த தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை, சாயப்பட்டறைக் கழிவையும் சேர்த்து அள்ளி வந்திருந்தது. வடிந்த பிறகு சுவரைச் சுற்றி இடுப்பு உயரத்தில் ஊதாக் கோடு.

துடைப்பதற்குத் தாளாளர் ஒரு லாரி பனியன் வேஸ்ட் அனுப்பினார். வெட்டிக் கழித்த துணிதான். அதற்குக் காலைப் பிரார்த்தனையில் கைதட்டவும் சொன்னார்கள். துடைத்தது யார்? விடுதிப் பெண்களும் நானும்.

அவர்களில் ஒருத்தி குன்னத்தூர் பக்கத்து விவசாயி மகள், இரண்டாம் ஆண்டு. அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். ஊருக்கு இருந்த ஒரே பஸ் கல்லூரி நேரத்துக்கு ஒத்து வராது. விடுதி இல்லையென்றால் அவளுக்குப் படிப்பும் இல்லை. "எங்கேயிருந்துதான் இவ்வளவு தண்ணீர் வந்ததோ" என்று நான் புலம்பியபோது அவள் சிரித்தாள்.

"பள்ளம்னா தண்ணி வராதுங்களா மிஸ்?"

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்குப் பள்ளம் என்றால் தாழ்வான இடம், அவ்வளவுதான். எல்லாரும் 'பள்ளத்து ஹாஸ்டல்' என்றபோது இறக்கத்தில் இருப்பதால் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் ஓடையாம். மழைத் தண்ணீர் போகிற வழியில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் பெண்களைக் குடிவைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே தாளாளரின் பனியன் குடோன். அதைக் காப்பாற்ற ஓடைக்குக் குறுக்கே ஒரு மதில். தண்ணீர் பிறகு எங்கேதான் போகும்?

"உங்கப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க. லேடீஸ் ஹாஸ்டலுன்னு மட்டுந்தானுங்க சொல்லியிருக்கறேன்."

சீரமைப்புக் கமிட்டியில் எழுந்து கேட்டேன். மதிலை இடித்துத் தண்ணீருக்கு வழி விடுங்கள், இல்லையென்றால் விடுதியை மெயின் கட்டட மாடிக்கு மாற்றுங்கள் என்றேன். தாளாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நாயந்தானுங்க மேடம். ஆனா செவுத்த இடிச்சா என்ற குடோனுக்குள்ள தண்ணி வந்துருமுங்களே. எக்ஸ்போர்ட் பீஸெல்லாம் இருக்குதுங்க."

"இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"அதுக்குத்தானுங்க நல்லா பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்குது. மாடி கெஸ்ட்டுக்கு வேணுமுங்க."

அத்தனை 'ங்க' போட்டுக் கழுத்தறுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்லூரி முதல்வர் 'மாடி கெஸ்ட்டுக்கு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

விடுதி பளபளவென்று ஆனது. ஊதாக் கோடு பெயிண்டுக்குள் போய்விட்டது. பெயிண்ட் வேலைக்காக ஊருக்கு அனுப்பியிருந்த பிள்ளைகளைப் பெற்றோர்கள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். குன்னத்தூர்ப் பெண்ணின் அப்பாவும் பெட்டியோடு வந்தார். வெள்ளச் செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"இனி ஒண்ணும் பயமில்லீங்களே அம்மணி?"

அவருக்குப் பின்னால் நின்ற மகள் என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். அவளுக்காக மறைத்துவிடலாம்தான், ஆனால் விடுதிக்கு நான்தான் பொறுப்பு. பொய் சொல்லி அவளை அந்த அறையில் படுக்கவைக்க என்னால் முடியவில்லை.

"இது பள்ளத்தின் மேல் கட்டினதுங்க. அடுத்த மழைக்கும் தண்ணீர் வரும். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை" என்றேன்.

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கட்டடத்தையும் மதிலையும் ஒருமுறை பார்த்தார். "பள்ளத்துலயா புள்ளைகள வெச்சிருக்கறீங்க" என்றார். இறக்கிய பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நட கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

கொஞ்ச தூரம் போனவள் திரும்பி என்னிடம் வந்தாள். அழவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியுமுங்க மிஸ். நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

போய்விட்டாள். அவர்கள் கேட்டை நெருங்கும்போது தாளாளரின் கார் உள்ளே நுழைந்தது. அப்பாவும் மகளும் ஒதுங்கி வழி விட்டார்கள். என்னிடம் அப்படிப் பேசிவிட்டுப் போன அந்தப் பெண், காருக்குள் இருந்த தாளாளரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.